லினோகட் செட்: வாழ்த்து அட்டைக்குப் போதும், போராட்டச் சுவரொட்டிக்கு?

லினோ ஷீட்டில் படம் செதுக்கி, மேலே மை உருட்டித் தாளில் அச்செடுப்பதுதான் லினோகட். சென்னை பாரிமுனைப் பக்கம் ஓவியப் பொருள் கடைகளில் அட்டைப்பெட்டியாகக் கிடைக்கும் லினோகட் செட்டைப் பற்றியது இது. உள்ளே ஒரு கைப்பிடி, அதில் மாட்டிச் செதுக்க 5 அலகு, ஏ5 அளவில் ஒரு லினோ துண்டு, 3 அங்குல ரப்பர் ரோலர், கறுப்பு வாட்டர் மை ஒரு ட்யூப். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலை முகத்துவாரம், கொடுங்கையூர் குப்பைமேடு என்று வடசென்னையின் சூழல் பிரச்சினைகளுக்குச் சுவரொட்டி போடுகிறவர்கள் இதை வாங்கலாமா? கைப்பிடிக்கும் அலகுக்கும் வாங்கலாம். மையை நம்பி இறங்காதீர்கள்.

ட்யூபில் வருவது காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும் மை. தாளின் பின்புறம் மைதா பசை தடவிச் சுவரில் ஒட்டினால் ஈரம் ஏறி, எழுத்தோரம் எல்லாம் சாம்பல் நிறத்தில் கசியும். மழைகூடத் தேவையில்லை. மே மாதத்தில் இன்னொரு தொல்லை: கண்ணாடியில் உருட்டிக்கொண்டிருக்கும்போதே காய்ந்து பிசுக்காகிவிடும். இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விட்டால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வாழ்த்து அட்டைக்கு, பிள்ளைகள் பழகுவதற்குச் சரி.

அதற்குப் பதில் அச்சகங்களுக்கு விற்கும் ஆஃப்செட் கறுப்பு மை வாங்குங்கள், அது எண்ணெய் மை. ஒரு கிலோ டப்பா பல நூறு பிரதிக்கு வரும். டப்பாவில் இறுகலாக இருக்கும். தட்டைக் கத்தியால் நன்றாகப் பிசைந்து, அப்படியும் இளகாவிட்டால் ஒன்றிரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய். கண்ணாடியில் மெல்லியதாக உருட்டும்போது சன்னமான சரசரப்பு கேட்டால் பதம் சரி. 'சப் சப்' என்று ஒட்டி, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மை அதிகம். மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். முதல் மூன்று நான்கு பிரதி வெளிறித்தான் வரும். பழைய செய்தித்தாளில் எடுத்துக் கழித்துவிடுங்கள். எண்ணெய் மை காய ஒன்றிரண்டு நாள், ஐப்பசி கார்த்திகையில் கடலோரக் காற்றில் அதற்கு மேலும் ஆகும். அதுவரை கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். அடுக்கினால் ஒன்றின் முதுகில் இன்னொன்று பதியும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் தின்னரும் வேண்டாம். பக்கிங்காம் கால்வாய்க்காகப் படம் போட்டுவிட்டு, அதே கால்வாய்க்குப் போகும் சாக்கடையில் தின்னரை ஊற்றுவது நன்றாகவா இருக்கும்? மலிவான சமையல் எண்ணெயில் துடைத்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

லினோ துண்டு பரவாயில்லை ரகம். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் சேர்ந்து, பின்புறம் சணல் துணி ஒட்டியதுதான் அசல் லினோ. பழைய சரக்கு வறண்டு, செதுக்கினால் பொடிப்பொடியாக உதிரும். லேசாக வளைத்துப் பாருங்கள்: கீறல் விட்டால் திருப்பிக் கொடுங்கள். பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் அலகு வழுக்கிக்கொண்டு போகும். வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும் மென்மையான பிவிசி பிளாஸ்டிக் ஷீட்டும் கிடைக்கிறது. ஆனால் மெல்லிய கோடு அதில் நிற்காது. மணலி பெட்ரோகெமிக்கல் ஆலைகளைப் பற்றிய படத்தைப் பிவிசியில் செதுக்குவதும் கொஞ்சம் இடிக்கிறது. எப்படியும் ஏ5 சுவரொட்டிக்குப் போதாது. ஏ3 தனியாக வாங்குங்கள். கூடவே 6 அங்குல ரோலரும். 3 அங்குல ரோலர் ஏ3இல் பட்டை பட்டையாகத் தடம் விடும்.

தமிழ் எழுத்துதான் உண்மையான சோதனை. அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால், டிரேசிங் தாளில் எழுதி, லினோமேல் கவிழ்த்து வைத்துத் தேயுங்கள். நேராகக் கண்ணால் பார்த்து இடவலம் மாற்றி எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். கறுப்பு எழுத்தாக விட்டுச் சுற்றிலும் செதுக்கினால் முதலில் பறப்பது மெய்யெழுத்துப் புள்ளி. 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளி நிற்காது. அலகை உள்பக்கம் சாய்த்து அடியை அரிக்காமல், புள்ளியின் அடி அகலமாக இருக்கும்படி வெட்டுங்கள். இதைவிட எளிது, எழுத்தையே தோண்டி எடுத்துக் கறுப்பில் வெள்ளையாக விடுவது. ழ, ண, ஞ எல்லாம் கோடாக ஓடிவிடும்.

அந்த வெள்ளைக்கோட்டு முறை இந்தப் படங்களுக்கே பொருத்தம். சாம்பல் குழாய், அலையாத்தி வேர், இறால் போடும் பறியின் பின்னல், எல்லாம் கோடுதான். எண்ணெய்ப் படலம் காட்ட ஒன்றுமே செதுக்காமல் விட்டால் போதும். ஆனால் அச்சு இயந்திரம் இல்லாமல், மை உருட்டிய லினோமேல் தாளை வைத்து அதன் முதுகைக் கரண்டியால் தேய்த்துத்தான் பிரதி எடுக்கிறோம். அந்தப் பெரிய கறுப்பில்தான் கரண்டித் தேய்ப்பு காட்டிக்கொடுக்கும். எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாக, ஏ3க்கு ஐந்து நிமிடமாவது தேய்க்க வேண்டும். நூறு பிரதி என்றால் மூன்று பேர் வேண்டும். தாள், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பளபளப்புப் பூச்சில்லாத அச்சுத்தாள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை இழுவும்.

எண்ணூர் சாம்பலையே மையில் கலக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதிலுள்ள சிலிக்கா ரோலரைக் கீறும், தூசி நுரையீரலுக்குள் போகும். ஆர்சனிக், ஈயம் போன்றவையும் அதில் உண்டு.

ஒட்டும் சுவருக்கு உரிமையாளர் அனுமதி வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பசை வாசத்துக்கு மாடு வரும், கைக்கெட்டும் உயரத்துக்கு மேலே ஒட்டுங்கள்.

செதுக்கி முடித்த லினோவைத் தட்டையாக, வெயில் படாமல் வையுங்கள். தேதி வரியை மட்டும் தனித் துண்டில் செதுக்குவது நல்லது, எண்ணூரில் இவை திரும்பத் திரும்ப நடக்கின்றன. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அதே மாதம் அமோனியா கசிவு. அந்தத் துண்டை மாற்றினால் படம் அப்படியே உதவும்.