லிகுலேரியா ‘பிரிட்-மேரி கிராஃபோர்டு’: இலைக்காகவே வாங்கலாம்

பூவை மட்டும் எதிர்பார்த்து இந்தச் செடியை வாங்காதீர்கள். இதன் அழகு இலையில்தான் இருக்கிறது. வசந்தத்தில் மண்ணைப் பிளந்து வரும் தளிரே கருஞ்சிவப்பு. விரிந்த பின் மேற்பக்கம் ஏறக்குறையக் கறுப்பாகப் பளபளக்கிறது. திருப்பிப் பார்த்தால் கத்தரிக்காய்த் தோலின் ஊதா. நன்கு வளர்ந்த இலை ஓர் அடி அகலம் வரை வரும்.

இதே இனத்தில் ‘டெஸ்டிமோனா’, ‘ஒத்தெல்லோ’ என்ற பழைய வகைகளும் உண்டு. நல்ல செடிகளே, ஆனால் கோடை ஏற ஏற அவற்றின் மேற்பக்கம் பச்சைக்குத் திரும்பிவிடுகிறது. நான் இதைத் தேர்ந்தெடுத்தது நிறம் நிலைப்பதற்காகவே. அதில் எனக்கு முழுத் திருப்தி.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சலுகையே கிடையாது. குளக்கரை, மழைநீர் தங்கும் பள்ளம், கூரைநீர் வடியும் மூலை போன்ற இடங்கள் இதற்கு ஏற்றவை. நிறைய மட்கு கலந்து நட்டு, மேலே தடிமனாக மூடாக்குப் போடுங்கள். காலை வெயில் போதும். நடுப்பகலில் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்தால் மனம் பதறும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக அந்தப் பெரிய இலைகள் நீரை ஆவியாக்கிவிடுகின்றன, அவ்வளவுதான். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வாளியைத் தூக்க வேண்டாம், மாலையில் தானே நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கோடையின் பிற்பகுதியில் மூன்றடி உயரத் தண்டுகளில் செம்மஞ்சள் பூக்கள் வருகின்றன. சூரியகாந்திக் குடும்பம் என்பது பார்த்ததுமே தெரியும். கறுப்பு இலைக்கு இந்த நிறம் ஒவ்வாது என்று தண்டை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த மோதலே பிடித்திருக்கிறது. தேனீக்களும் விடாமல் வருகின்றன, நான் வெட்டுவதில்லை.

நத்தைகளுக்கு, குறிப்பாக ஓடில்லாதவற்றுக்கு, இந்தத் தளிர் விருந்து. இலை சல்லடையான பின் அந்த ஆண்டு முழுவதும் அதையேதான் பார்க்க வேண்டும். தளிர் தலைகாட்டும் வாரங்களில் இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள்.

பனிக்காலத்தில் மேற்பகுதி முழுவதும் மடிந்து, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். குளிர்காலமே இல்லாத வெப்பப் பகுதிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேர் பிரித்து வளர்த்த கன்றா, விதைக் கன்றா? விதைக் கன்றுகளில் இந்தக் கறுப்பு அப்படியே வரும் என்று நம்ப முடியாது.