ஹட்டனில் ஒரு டிஜிட்டல் அச்சகம்: வாழ்த்து அட்டைத் தொழில் தொடங்குவோருக்காக ஒரு மதிப்பீடு

இலங்கையின் மலையக நகரங்களில் தமிழில் ஒரு நல்ல வாழ்த்து அட்டையைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஆங்கில வாசகங்கள் கொண்ட பிறந்தநாள் அட்டைகள் புத்தகக் கடைகளில் நிறைய இருக்கின்றன. வெசாக் காலத்தில் சிங்கள அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆனால் தைப்பொங்கலுக்கு உறவினருக்கு அனுப்பவோ, புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்குக் கொடுக்கவோ, ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்தன்று தோட்டப் பாடசாலை ஆசிரியையிடம் நீட்டவோ தகுந்த தமிழ் அட்டை கிடைப்பதில்லை. இந்தக் குறையைப் போக்கும் விருப்பத்தோடு சிறிய அளவில் அட்டைத் தொழிலைத் தொடங்கியுள்ள நான், ஹட்டன் நகரிலுள்ள ஒரு சிறிய டிஜிட்டல் அச்சகத்திலேயே எல்லாவற்றையும் அச்சிட்டு வருகிறேன். இதே தொழிலில் இறங்க எண்ணுவோர் அத்தகைய அச்சகத்திடம் எதை நம்பி ஒப்படைக்கலாம், எதைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுவதற்கு முகஞ்சுளிக்காமல் சம்மதிப்பதே இவ்வச்சகத்தின் முதற் சிறப்பு. ஓப்செட் எனும் வழமையான அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு செய்ய வேண்டியிருப்பதால், நூற்றுக்கணக்கில் அச்சிட்டால்தான் ஓர் அட்டையின் விலை இறங்கும். விற்பனைக்கென்று அச்சான முதலாவது நத்தார் அட்டையை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்டபோதே ஆயிரம் பிரதிகள் அச்சிடப்பட்டன. கையில் முதலீடு இல்லாத ஒருவர் அப்படித் தொடங்க முடியாது. டிஜிட்டல் முறையில் தகடு இல்லை என்பதால், ஒரு வடிவத்தில் இருபது அட்டைகளை மட்டும் எடுத்து, அது விலைபோகிறதா என்று பார்த்த பிறகு மறுபடியும் அச்சிடலாம். இங்கே தாள் கணக்கில்தான் பணம் வாங்குகிறார்கள். 320 × 450 மில்லிமீற்றர் அளவுள்ள தாளில், விரித்த நிலையில் ஏ5 அளவு கொண்ட நான்கு அட்டைகள், வெட்டுவதற்காகச் சுற்றிலும் விடவேண்டிய 3 மில்லிமீற்றர் மிகையோடு சேர்த்து, அளவெடுத்தாற்போல் அடங்கிவிடும். நான்கும் நான்கு வேறு வடிவங்களாக இருந்தாலும் கட்டணம் கூடுவதில்லை.

மடிப்பு வேலையை இவர்கள் செய்யும் பக்குவத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். டிஜிட்டல் இயந்திரத்தின் டோனர் எனும் மைத்தூள் தாளுக்குள் ஊறாமல் மேற்பரப்பிலேயே படிவதால், கடும் நிறம் பூசிய அட்டையை அப்படியே மடித்தால் மடிப்புக் கோட்டில் நிறம் வெடித்து வெள்ளை தெரியும். இங்கே 300 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த அட்டையாயினும், முதலில் இயந்திரத்தில் மடிப்புத் தடம் பதித்து, தடத்தின் மேடு உட்புறமாக வரும்படி மடிக்கிறார்கள். தாளின் நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு அமையுமாறு அட்டைகளைத் தாளில் அடுக்குவதும் அவர்களே. நாருக்குக் குறுக்காக மடித்த அட்டை ஓரம் பிசிறி, நேராக மூடிக்கொள்ளாது. தாளைத் தெரிவு செய்யும்போது ஒன்றை மட்டும் நாம் கேட்டு வாங்க வேண்டும். இருபுறமும் பளபளப்பு ஏற்றிய ஆர்ட் போர்டில் பேனையின் மை உலராமல் இழுபடும். அனுப்புபவர் நாலு வரி தன் கையால் எழுதுவதற்குத்தானே வாழ்த்து அட்டை? ஆகவே வெளிப்புறம் மட்டும் மெருகேற்றிய, உட்புறம் சாதாரணமாக உள்ள அட்டையே பொருத்தமானது.

அச்சகம் பின்தங்கி நிற்கும் இடம் தமிழ் எழுத்து. இலங்கையின் பல அச்சகங்களைப் போலவே இங்கும் யூனிகோட் முறையைச் சேராத பழைய பாமினி எழுத்துருவே புழக்கத்தில் இருக்கிறது. நாம் கைப்பேசியில், இன்றைய கருவிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட்டில் தட்டிய வாழ்த்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர்களுடைய பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். "பொங்கல்" என்ற சொல்லின் முதலெழுத்தே சிதைந்துவிடும். அதைத் தவிர்க்கப் பணியாளர் மறுபடியும் பாமினியில் தட்டச்சு செய்கிறார். அந்த வேகத்தில் ல, ள, ழ இடம் மாறுகின்றன, ஒற்றெழுத்துகள் விடுபடுகின்றன. பணியாளர் பொறுமைசாலி. அருகில் அமர்ந்து, "தம்பி, இந்த 'வாழ்த்துகள்' திருத்தி வையுங்க" என்று சொன்னால் உடனே திருத்துவார். ஆயினும் வரிசையில் பலர் காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பது இயலாத காரியம். ஒரு கணக்குப் புத்தகத்தில் பிழை வந்தால் அடித்துத் திருத்தலாம். வாழ்த்து அட்டையில் வந்த பிழையோ காசு கொடுத்து வாங்கியவரின் பெயரால் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே தமிழ் வாசகத்தை நாமே அமைத்து, எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத வளைகோட்டு வடிவங்களாக மாற்றி, பீ.டீ.எப். கோப்பாகக் கொடுப்பதே பாதுகாப்பு. அப்படிக் கொடுத்தால் எந்தக் கணினியிலும் எழுத்து அசையாது. முழு எண்ணிக்கைக்கும் சம்மதம் சொல்வதற்கு முன் ஒரு மாதிரியை அச்சிடச் செய்து, கணினித் திரையில் அன்றித் தாளில் வாசித்துப் பார்ப்பதும் அவசியம்.

நிறத்தைப் பற்றியும் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலை மலையைக் கைப்பேசியில் படமெடுத்து அட்டையின் முகப்பில் இடுவது நம் எல்லோருக்கும் தோன்றும் ஆசை. திரையில் ஒளிரும் அந்தக் கொழுந்துப் பச்சையை நான்கு நிற அச்சினால் முழுமையாகக் காட்ட முடியாது. சற்று மங்கியே வரும். இது அச்சகத்தின் குற்றமன்று.

கடித உறைகளை இவர்கள் செய்து தருவதில்லை. மடித்த அட்டை ஏ6 அளவாதலால் 114 × 162 மில்லிமீற்றர் கொண்ட சீ6 உறை அதற்குப் பொருந்தும். அதை வெளியில் மொத்தமாக வாங்கலாம். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவ மழையின்போது ஹட்டன் பக்கத்து ஈரத்தில் உறைகளின் பசை தானாகவே ஒட்டிக்கொள்ளும், அட்டைகளும் வளையும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, தேவைக்கு மட்டும் வெளியில் எடுக்க வேண்டும்.

கட்டணம் நியாயமானது. வெட்டுக்கூலியும் மடிப்புக்கூலியும் தனியாகச் சேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்; பற்றுச்சீட்டும் தருகிறார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து முறையாகக் கணக்கு வைக்க விரும்புவோருக்கு அது மிகவும் உதவும். சொன்ன நாளில் வேலை முடிவது மட்டும் பருவத்தைப் பொறுத்தது. தவணைப் பரீட்சை நெருங்கும்போது பாடசாலை வினாத்தாள்களும், டிசெம்பரில் நாட்காட்டிகளும் வந்து குவிவதால், சிறிய வேலைகள் பின்னால் தள்ளப்படுகின்றன. எனவே பொங்கல் அட்டைகளை நவம்பர் மாதத்திலேயே கொடுத்து, அச்சிட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.