அப்கிரேடுக்குப் பிறகு கணக்கு உதைத்தால்: திரும்பிப் போவதா, சரிசெய்வதா, மென்பொருளையே மாற்றுவதா?

டிசம்பர் 31 சாயங்காலம், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்காவுக்கு அந்த வருட வீட்டுக் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தேன். முந்தின வாரம்தான் எங்கள் கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். பழைய கோப்பை அது நேராகத் திறக்கவில்லை. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுத்து உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியபின் வங்கி இருப்பைப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டேன், பைசா சுத்தமாகப் பொருந்தியது. எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். அக்கா மாதவாரி வரவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தம்பி, மே மாசம் ஒங்க மச்சான் படகு கரையிலதானே கெடந்துச்சு? அப்புறம் எங்கருந்து பங்கு வந்துச்சு?"

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில், மீன் விற்ற பணத்தில் படகுக்காரர்களுக்குக் கிடைக்கும் பங்கு வர வழியே கிடையாது. ஆனால் மே 7-ம் தேதியில் ஒரு தொகை உட்கார்ந்திருந்தது. அது உண்மையில் ஜூலை 5-ல் வந்த பணம். கோப்பில் 05/07 என்று இருந்ததை, மாதம்தான் முதலில் வரும் என்று எடுத்துக்கொண்டு புதிய பதிப்பு படித்துவிட்டது. நாள் 12-ஐத் தாண்டிய பதிவுகளை அப்படிப் புரட்டிப் படிக்க முடியாது என்பதால் அவை தப்பின. பணம் ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு நகர்ந்ததே தவிர, எங்கும் காணாமல் போகவில்லை. அதனால் வருட மொத்தம் பிசகவில்லை, பாஸ்புக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

இருப்பு பொருந்துகிறது என்பது பாதிச் சோதனைதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன்பிறகு தொண்டியிலும் கீழக்கரையிலும் தெரிந்தவர்கள் வீட்டில் இதே மாதிரிச் சிக்கல்களுக்கு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும் இருப்பது மூன்று வழிதான். பழைய பதிப்புக்கே திரும்பிப் போகலாம். புதியதிலேயே இருந்து சரிசெய்யலாம். இதை விட்டுவிட்டு வேறு மென்பொருளுக்குப் போகலாம். எதை எடுப்பது என்பதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அப்கிரேடு செய்தபின் எத்தனை பதிவு புதிதாக ஏற்றியிருக்கிறீர்கள்?

திரும்பிப் போவது

ஐம்பது பதிவுக்குள் என்றால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் அந்த ஐம்பதையும் மறுபடி எழுதிவிடலாம். திரும்பிப் போவதைத் தோல்வி மாதிரிப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் மூன்றிலும் நிம்மதியான வழி, ஏனென்றால் சரியாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் போய் நிற்கிறோம்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். புதிய பதிப்பு சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறந்து கொள்ளலாம் என்று நம்பிவிடக் கூடாது. குனுகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள், தனக்குத் தெரியாத புதிய அம்சம் கோப்பில் இருந்தால் திறக்கவே மறுத்துவிடும். மணி மேனேஜர் எக்ஸ் போன்ற வேறு மென்பொருள்கள் தரவுத்தளத்தின் அமைப்பையே புதியதாக மாற்றிக்கொள்ளும், அந்த மாற்றம் ஒருவழிப் பாதை. ஆக, அப்கிரேடுக்கு முன்னால் எடுத்த பேக்கப்பும் பழைய பதிப்பின் இன்ஸ்டால் கோப்பும் கையில் இருந்தால்தான் இந்த வழி உண்டு. இலவச மென்பொருள்களில் பழைய பதிப்புகளைப் பெரும்பாலும் அவற்றின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சந்தா கட்டி ஓடும் மென்பொருள்களில் அந்த வாய்ப்பை எதிர்பார்க்க முடியாது.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்று பென் டிரைவின் முனையை இரண்டே வருடத்தில் பூக்க வைத்துவிடுகிறது. வருடக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த பேக்கப்பைத் திறக்கப் போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நகல் போனில், ஒரு நகல் உங்களுக்கே நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கட்டும். அப்கிரேடுக்கு முன், அந்த நகலை ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள்.

புதியதிலேயே சரிசெய்வது

மூன்று மாதம் கழித்துத்தான் கோளாறு கண்ணில் பட்டது, நூற்றுக்கணக்கில் பதிவு ஏறிவிட்டது என்றால் இதுதான் வழி. இதில் நேரம் அதிகம் போகும், ஆனால் சரியாகச் செய்தால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் 18,000 என்றால் 'சரிக்கட்டல்' என்று ஒரே பதிவில் 18,000 போட்டு இருப்பைப் பொருத்திவிடாதீர்கள். அது புண்ணின் மேல் துணியைச் சுற்றுவது. உள்ளே என்ன நடந்தது என்று அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தத் தொகையே வழி சொல்லும். கீழக்கரை வீடொன்றில் பாஸ்புக்கில் 41,650, மென்பொருளில் 59,650. வித்தியாசம் 18,000. அந்தத் தொகையில் பதிவே இல்லை. பாதியாக்கி 9,000-ஐத் தேடினோம். நகைக்கடனுக்குக் கட்டிய 9,000 வரவாக ஏறியிருந்தது. செலவு வரவாக மாறினால் வித்தியாசம் எப்போதும் இரட்டிப்பாகத்தான் வரும். கடன் கணக்கிலும் கிரெடிட் கார்டு கணக்கிலும் இந்தக் குறி மாற்றத்தை முதலில் சந்தேகப்படுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு, 540-ஐ 450 என்று எழுதுவது போல. ஆனால் அது கையால் எழுதும்போது வரும் பிழை, அப்கிரேடு அப்படிச் செய்யாது. வித்தியாசம் ஒரு பதிவின் தொகைக்கே சமமாக இருந்தால் அது இரண்டு முறை ஏறியிருக்கிறது, அல்லது ஏறவே இல்லை.

இரண்டு முறை ஏறுவது மிகச் சாதாரணம். மாதச் சீட்டு, காப்பீட்டுத் தவணை என்று தானாக விழும்படி வைத்த பதிவுகள், கடைசியாக எப்போது விழுந்தோம் என்பதைப் புதிய பதிப்பில் மறந்துவிட்டு மறுபடி விழும். வங்கியிலிருந்து இறக்கி ஏற்றுபவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. ஓஎஃப்எக்ஸ் என்ற வங்கிப் பரிவர்த்தனைக் கோப்பு வகையில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் 'இது ஏற்கெனவே வந்தது' என்று மென்பொருள் தள்ளிவிடுகிறது. மாற்றத்தில் அந்த எண்கள் தொலைந்தால், அல்லது எண்ணே இல்லாத சிஎஸ்வியில் ஏற்றினால், போன மாதம் முழுவதும் மறுபடி வந்து உட்காரும்.

எந்த மாதத்தில் பிசகு தொடங்கியது என்பதை ஒவ்வொரு பதிவாகத் தேட வேண்டாம். வருடத்தின் நடுவில் ஒரு மாதக் கடைசி இருப்பைப் பாஸ்புக்கோடு பாருங்கள். பொருந்தினால் கோளாறு அதற்குப் பிறகு, பொருந்தாவிட்டால் அதற்கு முன். மறுபடி பாதி. நாலைந்து தடவையில் ஒரு மாதத்துக்குள் வந்துவிடுவீர்கள். பழைய பதிப்பை வேறொரு கணினியில் வைத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் வேகம்.

இந்த வேலையில் இரட்டைப் பதிவு மென்பொருளுக்கு, அதாவது ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு கணக்கிலும் எழுதும் மென்பொருளுக்குத் தனி பலம். குனுகேஷில் ஒரு பரிவர்த்தனையின் ஒரு பக்கம் அறுந்துபோனால், அந்தத் தொகை 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்ற கணக்கில் வந்து விழும். அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தாலே ஒருபக்கம் அறுந்தவை வரிசையாகக் கிடக்கும். 'செக் அண்ட் ரிப்பேர்' என்ற கட்டளையும் இப்படி அறுந்ததைத் தேடித் தரும். ஆனால் எங்கள் மே 7 மாதிரியான தேதிப் பிசகை இதெல்லாம் பிடிக்காது, இரண்டு பக்கமும் சமமாகத்தானே இருக்கிறது. அதற்கு வீட்டு வாழ்க்கை தெரிந்த ஆள் வேண்டும். தடைக்காலத்தில் பங்கு வந்திருக்கிறதா? தடைக்கால நிவாரணம் 8,000 வேறு மாதத்தில் நிற்கிறதா? இந்த மாதிரிக் கேள்விகளை அக்காதான் கேட்பாள்.

கோளாறே இல்லாமல் கோளாறு போலத் தெரிபவையும் உண்டு. கீழக்கரையில் வளைகுடாப் பணத்தைத் திர்ஹாமில் தனிக் கணக்காக வைப்பவர்கள் பலர். அப்கிரேடுக்குப் பிறகு மாற்று விகிதம் வராமல் போனால் ரூபாய் மொத்தம் சரிந்து தெரியும், திர்ஹாம் இருப்பு அப்படியே இருக்கும். குனுகேஷ் விகிதம் எடுக்க ஃபைனான்ஸ் கோட் என்ற பெர்ல் நிரலை நம்பியிருக்கிறது, அது சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அக்கா வளர்த்து விற்கும் கடல்பாசியின் வரவும் இப்படித்தான். தெப்பத்தில் கட்டிய பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும். அதனால் ஒரு மாதம் நிறைய, ஒரு மாதம் சுழியம். அதைப் பார்த்து வரவு தொலைந்துவிட்டது என்று முதலில் நானே பதறினேன்.

தமிழில் விவரம் எழுதுபவர்களுக்கு ஒரு தலைவலி. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த 'டீசல்', 'ஐஸ்' எல்லாம் புதிய பதிப்பில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தரவு கெடவில்லை, எழுத்துருதான் போய்விட்டது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடாக மாற்றலாம். யூனிகோடில் இருந்தும் எக்செலில் கோணல்மாணலாக வந்தால், சிஎஸ்வியை நேராகத் திறக்காமல் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து உள்ளே இழுங்கள்.

சேமித்து வைத்த அறிக்கைகள் காணாமல் போவதும் அடிக்கடி நடக்கும். குனுகேஷில் அவை கணக்குக் கோப்புக்குள் இல்லை, தனி இடத்தில் இருக்கின்றன. 2018-ல் வந்த 3.0 பதிப்பில் அந்த இடமே மாறியது. பழைய கணினியிலிருந்து கணக்குக் கோப்பை மட்டும் எடுத்துவந்தால் அறிக்கைகள் வராது. ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் புதியதற்கு வராமல், நடுவில் உள்ள பெரிய பதிப்பு ஒவ்வொன்றிலும் திறந்து சேமித்து வருவது நல்லது.

வேறு மென்பொருளுக்குப் போவது

கோபத்தில் எடுக்கும் முடிவாக இது இருக்கக் கூடாது. ஆனால் சில நேரம் இதுதான் சரி. மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009-ல் நின்றபோது, அதில் பல வருடக் கணக்கு வைத்திருந்தவர்கள் அடுத்த பதிப்பே இல்லாமல் நின்றார்கள். அதனால் நான் பார்ப்பது, கோப்பை அந்த மென்பொருள் இல்லாமலும் படிக்க முடியுமா என்பது. ஹோம்பேங்க் என்ற இலவச மென்பொருளின் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவம், நோட்பேடில்கூடத் திறக்கும். குனுகேஷும், கேமைமணி என்ற இன்னொரு மென்பொருளும் எக்ஸ்எம்எல்தான், சுருக்கி வைத்திருப்பார்கள். மணி மேனேஜர் எக்ஸின் கோப்பு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகை, அதைத் திறக்க இலவசக் கருவிகள் உண்டு. வருவதையும் போவதையும் மட்டும் எழுதும் வீட்டுக்கு ஹோம்பேங்க் போதும். படகுப் பங்கு, முன்பணம், நகைக்கடன், திர்ஹாம் எல்லாம் பின்னிக்கிடக்கும் வீட்டுக்குக் குனுகேஷ்தான் தாங்கும் என்பது என் அபிப்பிராயம். முதல் மாதம் சிரமப்படுத்தும், ஆனால் சேமிக்கும்போதெல்லாம் நாள், நேரத்தோடு ஒரு நகலைப் பக்கத்திலேயே வைப்பது நம் மின்வெட்டுக்குப் பெரிய துணை. எக்செல் தாள் பெரும்பாலும் எந்தப் பதிப்பிலும் திறக்கும், ஆனால் தப்பைத் தானாகச் சொல்லாது.

மாறுவதென்றால் பழைய பதிவு அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். க்யூஐஎஃப் (கணக்கு மென்பொருள்களுக்கிடையே பதிவுகளைக் கொண்டுபோகும் பழைய கோப்பு வகை), சிஎஸ்வி வழியாகப் போகும்போதுதான் தேதி புரள்கிறது. ஏப்ரல் 1 தொடக்க இருப்பை மட்டும் புதியதில் எழுதுங்கள். பழையதை அச்சாகவோ பிடிஎஃப்பாகவோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். படகு வீடுகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நிதியாண்டு தொடங்கிப் பதினான்கு நாள் பதிவு எழுதினால் தடைக்காலம் வந்துவிடும். வரவு ஓய்ந்திருக்கும் அந்த 61 நாளில் இரண்டு மென்பொருளிலும் சேர்த்து எழுதிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் நான் எடுத்தது இரண்டு வழிகளின் கலவை. அந்த டிசம்பர் இரவே பழைய பதிப்புக்குத் திரும்பினேன். ஒரு வாரப் பதிவு இருபத்திரண்டுதான், அக்கா படிக்கப் படிக்க நான் எழுதினேன். ஏப்ரலில் தொடக்க இருப்போடு குனுகேஷுக்கு மாறினோம். ஜூன் 14 வரை இரண்டிலும் எழுதினோம். படகு கடலுக்குப் போன பிறகு வந்த முதல் பங்கை அக்காவே ஏற்றினாள், தேதியை மாதப் பெயரோடு.