சக்கரம், கைப்பிடி, பொத்தான்: சிறு விமானங்களின் பிட்ச் டிரிம், நெடுநாள் பயன்பாட்டில்

புதிதாக விமானம் ஓட்டக் கற்பவர்கள் பிட்ச் டிரிம்மை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் பிடியில் கைக்குத் தெரியும் பளுவைச் சமன்செய்யும் அமைப்பை, கைக்கு ஓய்வு தரும் ஒரு வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை என்றாலும், அந்தக் கருவியின் பாதிப் பயன் அத்தோடு மறைந்துபோகிறது. செஸ்னா 172, பைப்பர் பிஏ-28 செரோக்கி, சிர்ரஸ் எஸ்ஆர்20 ஆகியவற்றைப் பல ஆண்டுகள் மாறி மாறி ஓட்டிய பின் என் மனத்தில் உறுதிப்பட்டிருப்பது, டிரிம் ஒரு வேகத்தைப் பிடித்து வைக்கும் கருவி என்பதுதான். உயரம் அதற்குப் பொருட்டே இல்லை.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அமைதியான காற்றில் 90 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் சமதளமாகப் பறக்கும்படி டிரிம் செய்து, யோக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, எஞ்சின் சக்தியைச் சற்றே குறைத்தால் மூக்கு தாழ்கிறது. வேகம் ஏறுகிறது, பின் மூக்கு தானே உயர்ந்து வேகம் இறங்குகிறது. ஓர் அலைவுக்குச் சுமார் 20 முதல் 30 விநாடி வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிறிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் விமானம் ஏறக்குறைய அதே 90 நாட்டில் சீராக இறங்கத் தொடங்குகிறது. சக்தியைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறும். தரையிறங்க அணுகும்போது வேகத்தை டிரிம்மிடமும் இறக்க விகிதத்தை எஞ்சினிடமும் ஒப்படைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

செஸ்னா 172-இன் ஏற்பாடு மூன்றிலும் எளிமையானது. முன்பலகைக்குக் கீழே, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், செங்குத்தாக நிற்கும் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுழற்றினால் சங்கிலியும் கேபிள்களும் அந்தச் சுழற்சியை வால்வரை கொண்டுசெல்கின்றன. அங்கே ஒரு திருகு அமைப்பு அதை நேர்கோட்டு நகர்வாக மாற்றி, வலப்பக்க எலிவேட்டரின் (வாலின் கிடைப்பரப்பில் மேலும் கீழும் அசையும் பின்பகுதி) பின்விளிம்பில் கீலிட்டுப் பொருத்தப்பட்ட டேப் என்னும் சிறு தகட்டை மேலோ கீழோ சாய்க்கிறது. டேப் கீழே சாய்ந்தால் அதன்மீது படும் காற்று எலிவேட்டரை மேலே தள்ளும். எலிவேட்டர் மேலே போனால் வால் அமுங்கி மூக்கு உயரும். டேப் சிறியதுதான், ஆனால் எலிவேட்டரின் கீலிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அதன் நெம்புவலிமை பெரிது. காற்று எவ்வளவு அழுத்தினாலும் திருகு பின்னோக்கிச் சுழல்வதில்லை என்பதால், வைத்த இடத்திலேயே டேப் நிற்கிறது.

சக்கரத்தை முன்னே உருட்டினால் மூக்கு கீழே, பின்னே உருட்டினால் மூக்கு மேலே. கை போகும் திசையிலேயே மூக்கும் போவதால், இருட்டிலும் யோசிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் அளவுகாட்டியை நான் புறப்பாட்டுக் குறிக்கு மட்டுமே நம்புகிறேன். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து முள் இடம் மாறித் தெரியும் என்பதால், பறக்கும்போது யோக்கில் விரல்களுக்கு எட்டும் அழுத்தமே சரியான அளவுகோல். அந்த அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது. பயண வேகத்தில் சக்கரத்தை ஒரு விரலகலம் நகர்த்தினாலே மூக்கு அசையும். அணுகும் வேகத்தில் அதே மாற்றத்துக்கு நன்றாக உருட்ட வேண்டும்.

பயன்படுத்தும் வரிசைதான் முக்கியம். முதலில் யோக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் வைத்து, பிறகு எஞ்சின் சக்தியை அமைத்து, அதன் பிறகு கையில் மிஞ்சும் பளுவை மட்டும் சக்கரத்தால் கரைக்க வேண்டும். சக்கரத்தைக் கொண்டே மூக்கை ஏற்றி இறக்கப் பார்ப்பவர், அலைவுகளின் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பார். 172எஸ் வகையில் கடல்மட்டத்தில் மிகச் சிறந்த ஏற்ற விகிதம் தரும் வேகம் 74 நாட். அங்கிருந்து சமதளத்துக்கு வந்து பயண வேகமான 110 நாட்டைத் தொடும்வரை, வேகம் கூடக் கூட மூக்கு மேலே எழப் பார்த்துக்கொண்டே இருக்கும். எனவே பெரும்பளுவை உடனே நீக்கிவிட்டு, வேகம் நிலைபெற்ற பின்னரே நுணுக்கமாகச் சரிசெய்கிறேன். பொறுமையில்லாமல் முன்கூட்டியே செய்த நுண்திருத்தம் எதுவும் நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

செரோக்கியின் கதை வேறு. அதில் தனியாக அசையாத ஸ்டெபிலைசரும் (வாலின் கிடையான முன்பகுதி) அதன் பின்னே எலிவேட்டரும் கிடையாது. வாலின் கிடைப்பரப்பு முழுவதும் ஒரே துண்டாகத் திரும்புகிறது. ஸ்டெபிலேட்டர் எனப்படும் இந்தப் பரப்பை அப்படியே விட்டால் யோக் அளவுக்கு மீறி இலேசாகிவிடும். அதைத் தடுக்கவே, ஆன்டி-சர்வோ டேப் என்னும் நீண்ட டேப் பின்விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்டெபிலேட்டரின் பின்விளிம்பு மேலே போனால் இந்த டேபும் அதே திசையில், அதைவிடக் கூடுதலாக மேலே போய், விமானியின் கைக்கு எதிர்ப்பைக் கொடுக்கிறது. டிரிம் சக்கரம் செய்வதெல்லாம், இந்த டேபின் நடுநிலைப் புள்ளியை இடம் மாற்றுவது மட்டுமே. ஒரே டேப் பளுவையும் ஊட்டுகிறது, அந்தப் பளு பூச்சியமாகும் இடத்தையும் நிர்ணயிக்கிறது. பொறியியல் சிக்கனத்துக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டைச் சிறு விமானங்களில் நான் கண்டதில்லை. பழைய செரோக்கிகளில் டிரிம்மின் சுழல்கைப்பிடி தலைக்குமேல் கூரையில் இருக்கும். அதைச் சுற்றும் திசைக்கும் மூக்கு போகும் திசைக்கும் கையளவில் உறவில்லாததால், பழகிய பிறகும் சில நேரம் யோசித்தே சுற்ற வேண்டியிருக்கிறது. பிந்தைய வகைகளில் சக்கரம் இருக்கைகளுக்கு நடுவே வந்துவிட்டது நல்லதுதான்.

டேபே இல்லாத ஏற்பாடுகளும் உண்டு. பைப்பர் சூப்பர் கப்பில் திருகு ஒன்று ஸ்டெபிலைசரின் முன்விளிம்பையே ஏற்றி இறக்குகிறது. மூனி விமானங்களில் நிமிர்ந்த வாலோடு சேர்த்து வாற்பகுதி முழுவதும் சாய்கிறது.

சிர்ரஸில் சக்கரமே கிடையாது. பிடியின் மேல் இருக்கும் சிறு பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளினால், மின்மோட்டார் ஒன்று எலிவேட்டரோடு இணைந்த வில்சுருள் அமைப்பின் நடுநிலையை நகர்த்துகிறது. கை பிடியை விட்டு அகல வேண்டியதில்லை என்பது, நெரிசலான வான்பகுதியில் வானொலியோடும் வரைபடத்தோடும் மல்லுக்கட்டும்போது பெரும் உதவி. ஆனால் மின் டிரிம் எதுவானாலும், எவ்வளவு நகர்ந்தது என்பதை விரல் அறிவதில்லை. பொத்தானை அழுத்திய நேரம்தான் அளவு. எனவே அழுத்திப் பிடிக்காமல், தட்டித் தட்டி விடுவதே என் வழக்கம். சக்கரத்தில் சில நாட்களில் கைவந்த நுணுக்கம் பொத்தானில் வர வெகுகாலம் ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்மோட்டார் இருக்கும் இடத்தில், அது தானாக ஓடத் தொடங்கும் சாத்தியமும் இருக்கிறது. பல விமானங்களில் பொத்தானை இரு பாதிகளாகப் பிரித்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மட்டுமே மோட்டார் இயங்கும்படி வைத்திருப்பது இதற்காகத்தான். அப்படியும் ஓடினால், பிடியை உறுதியாகப் பற்றி மூக்கை நிலைநிறுத்துவதும், ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்திப் பிடிப்பதும், டிரிம்மின் சர்க்கியூட் பிரேக்கரை இழுப்பதும் அடுத்தடுத்து நடக்க வேண்டும். அந்தப் பிரேக்கர் வரிசையில் எங்கே இருக்கிறது என்பதை, கண் பார்க்காமலே கை கண்டுபிடிக்கும் அளவுக்குத் தரையிலேயே பழகிக்கொள்வது நல்லது.

ஆட்டோபைலட்டோடு சேரும்போது இன்னொரு நுட்பம் நுழைகிறது. அது இயங்கும்போது யோக்கைக் கையால் தள்ளினால், டிரிம்மையும் தானே இயக்கும் வகைகள் அந்தத் தள்ளலை வெளியிலிருந்து வரும் விசையாகக் கருதி எதிர்த்திசையில் டிரிம் செய்துகொண்டே போகும். துண்டிக்கும் கணத்தில் சேர்ந்த பளு முழுவதும் ஒரே மொத்தமாகக் கையில் விழும். ஆட்டோபைலட்டைத் துண்டிப்பதற்கு முன் யோக்கை இறுகப் பற்றுங்கள் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

டிரிம்மை உண்மையில் மதிக்க வைப்பது, தரையிறங்காமல் மீண்டும் ஏறும் தருணம். அணுகும் வேகத்துக்காக மூக்கு மேலாக டிரிம் செய்திருக்கும் நிலையில் எஞ்சினுக்கு முழுச்சக்தி கொடுத்தால், எலிவேட்டர்மீது பாயும் புரொப்பெல்லர் காற்று டேபின் விளைவைப் பலமடங்காக்கி மூக்கை வேகமாகத் தூக்கும். தடுக்காவிட்டால் தரைக்கு அருகிலேயே விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும், நிலைக்குப் போய்விடும். 172-இல் இதற்கு வேண்டிய முன்தள்ளல் கணிசமானது. முதலில் உள்ளங்கையால் தள்ளி மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகே சக்கரத்தை முன்னே உருட்ட வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் நிலைமை தலைகீழ்: 172எஸ்-ஐ 68 நாட் சறுக்கு வேகத்துக்கு டிரிம் செய்துவிட்டால், இறங்க இடம் தேடவும் எஞ்சினை மீண்டும் இயக்கிப் பார்க்கவும் கையும் மனமும் விடுபடும்.

பராமரிப்பில் இந்த அமைப்பு அதிகம் கேட்பதில்லை, ஆனால் கேட்பதைக் கொடுத்தே தீர வேண்டும். டேபின் பின்விளிம்பை விரலால் மெல்ல அசைத்துப் பார்ப்பது என் முன்சோதனையில் தவறாத அங்கம். அங்கே தளர்வு கூடினால், வேகத்தில் டேப் படபடக்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. எவ்வளவு தளர்வு அனுமதி என்பதைப் பராமரிப்புக் கையேடு வரையறுக்கிறது. கேபிள்களைக் கழற்றி மாட்டிய பணிக்குப் பிறகு, சக்கரத்தை மூக்கு மேல் பக்கம் உருட்டி, செஸ்னாவின் டேப் கீழே இறங்குகிறதா என்பதை ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். குளிரில் சக்கரம் இறுகினால் பெரும்பாலும் திருகிலுள்ள கிரீஸ் காரணமாக இருக்கும், வலுவைக் கூட்டிச் சுழற்றாமல் பராமரிப்பாளரிடம் சொல்வதே சரி.

தரையைத் தொடுவதற்குமுன் மூக்கை உயர்த்தும் கட்டத்தில் டிரிம்மை முழுவதும் பின்னே உருட்டிக் கைப்பளுவைக் குறைத்துக்கொள்ளும் விமானிகள் சிலர் உண்டு. முன்னிருக்கைகளில் இருவர் மட்டும் அமர்ந்து, எடை மையம் முன்னே தள்ளிப்போயிருக்கும் 172-இல் அந்த ஆசை எனக்கும் புரிகிறது. யோக்கை இழுக்க வேண்டிய பளு குறைவில்லை. ஆனாலும் இறுதி அணுகல் வேகத்துக்கு டிரிம் செய்ததோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் உருட்டும் ஒவ்வொரு அங்குலமும், மீண்டும் ஏற நேர்ந்தால் உள்ளங்கையால் தள்ளிச் சமாளிக்க வேண்டிய பளுவாகவே திரும்பி வருகிறது.