தீம் பார்க் உணவகங்களும் மகளின் உணவு ஒவ்வாமையும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

என் மகளுக்குப் பால், வேர்க்கடலை, எள் ஆகிய மூன்றும் ஒவ்வாது. இவற்றில் எது சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்தான அனஃபிலாக்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை) வரக்கூடும் என்பதை அவளுடைய இரண்டாம் வயதிலேயே மருத்துவர் உறுதிப்படுத்திவிட்டார். அவளுக்கு நான்கு வயதாக இருந்த 2016இல் தொடங்கி, 13 வயதில் இருந்தபோது போய்வந்த கடைசிப் பயணம் வரை, வெவ்வேறு நாடுகளில் உள்ள தீம் பார்க்குகளுக்கு 11 முறை போயிருக்கிறோம். காலையில் உள்ளே நுழைந்தால் இரவில்தான் வெளியே வருவோம் என்பதால் குறைந்தது இரண்டு வேளையாவது அங்கேயே சாப்பிட்டாக வேண்டும். அந்த இரண்டு வேளைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து, ஊசி பற்றிய முடிவுகளை அவரவர் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். நான் சொல்வது உணவகங்களில் கண்டதை மட்டுமே.

ஆரம்பத்தில், ஒவ்வாமை உள்ளவர்களுக்கான மெனு அட்டை எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஓர் உணவகத்தை மதிப்பிட்டேன். இருபது உணவுகள் போட்டிருந்தால் நல்ல இடம், இரண்டு போட்டிருந்தால் மோசமான இடம் என்று நினைத்தேன். இப்போது நான் பார்ப்பது வேறு: நான் சொல்லும் சொல், சமைப்பவரின் காதுக்குப் போய்ச் சேர்வதற்கு முன் எத்தனை பேரைக் கடக்கிறது, சமைத்த தட்டு என் மகளின் கைக்கு வருவதற்கு முன் எத்தனை கைகளைக் கடக்கிறது. இந்த இரண்டு வழிகளும் குறுகியதாக உள்ள இடத்தில், அட்டையில் ஒரே ஒரு உணவு இருந்தாலும் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

மேசையில் அமர்ந்து சாப்பிடும் உணவகங்களில் இந்த வழி பெரும்பாலும் குறுகியதாகவே இருக்கிறது. முன்பதிவின்போதே ஒவ்வாமையைக் குறிப்பிட்டுவிடுவோம். உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் மறுபடியும் சொல்வோம். நல்ல இடங்களில் அவர் எதுவும் எழுதிக்கொள்ளாமல், "செஃப் வந்து பேசுவார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது பயணத்தில் அப்படி வந்த ஒரு செஃப்பை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். மகளின் உயரத்துக்கு முழங்காலிட்டு உட்கார்ந்து, அவளிடமே "உனக்கு எதெல்லாம் ஆகாது?" என்று கேட்டார். பிறகு உள்ளே போய், ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையையே எடுத்துக்கொண்டு வந்தார். உறையைத் திருப்பி, சேர்பொருள் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக என்னோடு சேர்ந்து படித்தார். நடுவில் 'மோர்த்தூள்' என்ற சொல் வந்ததும் விரல் நின்றது. "இது வேண்டாம், வேறு தருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். முறைப்படி அச்சிட்ட எந்த அட்டையும் தராத நம்பிக்கையை அந்த விரல் தந்தது. சேர்பொருள் பட்டியலை நம்மிடம் காட்டத் தயங்காத சமையலறையை, நினைவில் உள்ளதைச் சொல்லிச் சமாளிக்காத சமையலறையை, நான் எப்போதும் முதலில் தேடுவேன்.

கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் இடங்களில் நிலைமை வேறு. பகல் பன்னிரண்டரை மணிக்கு நமக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, பணம் வாங்கும் இளைஞருக்கு நம்முடைய மூன்று ஒவ்வாமைகளையும் காது கொடுத்துக் கேட்க நேரம் இருக்காது. அதனால் பதினொரு மணிக்கோ, கூட்டம் தணிந்த மூன்று மணிக்கோ மட்டுமே கவுன்டருக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். எங்கள் பழக்கங்களிலேயே மிகுந்த பலன் தந்தது இதுதான். செயலி வழியாக உணவு சொல்லும் வசதி உள்ள பூங்காக்களில், ஒவ்வாமைக்கான உணவுகள் தனிப் பிரிவாக இருந்தால் அது உண்மையில் நல்லது. நாம் தேர்ந்தெடுத்தது அப்படியே சமையலறைச் சீட்டில் அச்சாகிறது, இடையில் யாரும் தவறாகக் கேட்டுக்கொள்ள வழியில்லை. ஆனால் வெறும் குறிப்புப் பெட்டியில் "பால் ஆகாது" என்று தட்டச்சு செய்துவிட்டு நம்பியிருப்பது சரியல்ல. அந்தக் குறிப்பை யாராவது படித்தார்களா என்பதை நாம் நேரில் போய்க் கேட்கும்வரை அறிய முடியாது.

இதை அறிந்தது ஒரு பூங்காவின் பர்கர் கவுன்டரில். பால் ஒவ்வாமை என்று தெளிவாகச் சொல்லி, சீட்டிலும் அது அச்சாகியிருந்தது. தட்டு வந்தபோது ரொட்டிக்குள் சீஸ் உருகிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். பணியாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டடி நகர்ந்து, சீஸைக் கத்தியால் வழித்துக் குப்பையில் போட்டு, அதே ரொட்டியை மூடி, புன்னகையோடு என்னிடமே நீட்டினார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சீஸ் பிடிக்காதவருக்கும் சீஸ் ஆகாதவருக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். நான் திரும்பி நின்றிருந்தால் அது தெரிந்திருக்காது. அன்றிலிருந்து, தவறாக வந்த தட்டை நாங்கள் திருப்பிக் கொடுப்பதே இல்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, புதிதாகச் செய்த தட்டு வந்த பிறகுதான் பழையதைக் கொடுக்கிறோம். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றலாம். காரணத்தை அமைதியாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

உணவின் பெயரைப் பார்த்துப் பாதுகாப்பானது என்று எண்ணும் இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் உருளையும் எண்ணெயும் உப்பும்தான் இருக்கும், உண்மைதான். ஆனால் அதே எண்ணெயில் மோரில் தோய்த்த கோழித் துண்டுகளோ சீஸ் குச்சிகளோ பொரிக்கப்பட்டால் அது பால் கலந்த வறுவல். கொதிக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் அந்தச் சூட்டிலும் தாக்குப்பிடிக்கின்றன, வேர்க்கடலையின் புரதம் வறுத்த பிறகும் வீரியம் குறையாமல் இருக்கிறது. எனவே "இதில் பால் இருக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை. "இந்த எண்ணெயில் வேறு என்னவெல்லாம் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்கிறேன். முதல் கேள்விக்கு யோசிக்காமல் "இல்லை" என்று பதில் வந்துவிடும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒருவர் உள்ளே திரும்பிப் பார்த்தாக வேண்டும். வெண்ணெய் தடவி ரொட்டி சுடும் கல்லுக்கும், எல்லா ஐஸ்கிரீம் தொட்டிகளிலும் மாறி மாறி நுழையும் ஒரே கரண்டிக்கும் இதே கேள்விதான். தள்ளுவண்டிகளில் நாங்கள் உறையோடு மூடி விற்பதைத் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை.

இப்போது 2023ஐப் பற்றி எழுத வேண்டும். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பெயரிடல் சட்டம் எட்டுப் பொருள்களைக் குறிப்பிட்டிருந்தது; எள் அதில் இல்லை. அதனால் 2023 வரை, பொட்டல உணவுகளில் 'மசாலா' என்றோ 'சுவையூட்டி' என்றோ பொதுவாக எழுதிய சொல்லுக்குள் எள் மறைந்திருக்க முடியும். 2021இல் இயற்றிய சட்டம் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்து, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்களைப் போன்ற குடும்பங்கள் எவ்வளவோ காலமாக எதிர்பார்த்த சட்டம் அது. ஆனால் எதிர்பாராத ஒன்றும் கூடவே நடந்தது. எள் தூவிய ரொட்டியும் எள் இல்லாத ரொட்டியும் ஒரே இயந்திரத்தில் செய்யும் சில தயாரிப்பாளர்கள், ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைத் துப்புரவாகச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, எள் மாவைச் சிறிதளவு எல்லா ரொட்டியிலும் வேண்டுமென்றே சேர்த்து, பட்டியலிலும் எழுதிவிட்டார்கள். சட்டப்படி அது சரியாகிவிட்டது. பல ஆண்டுகள் ஆபத்தில்லாமல் சாப்பிட்ட ரொட்டி, எள் உள்ள ரொட்டியாகிவிட்டது.

அந்த ஆண்டுக் கோடையில், முன்பு மூன்று முறை அவள் சாப்பிட்டிருந்த அதே உணவகத்தில், அதே உணவை வாங்கினோம். பால் பற்றியும் வேர்க்கடலை பற்றியும் கேட்டேன். எள் பற்றிக் கேட்கவில்லை. வெளியில் எள்ளே தெரியாத ரொட்டி, முன்பு மூன்று முறையும் ஒன்றும் ஆகாத ரொட்டி. பாதி சாப்பிட்டதும் அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். உதட்டைத் தேய்த்தாள். "தொண்டை ஏதோ மாதிரி இருக்கிறது" என்றபோது குரல் கரகரத்திருந்தது. கழுத்தில் தடிப்புகள் எழும்பிவிட்டன, இருமல் தொடங்கிவிட்டது. கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் மருந்துள்ள பேனா வடிவ ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டேன். என் கணவர் முதலுதவியை அழைத்தார். அவர்கள் சில நிமிடங்களில் வந்தார்கள், மருத்துவமனைக்கும் போனோம். அறிகுறிகள் அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால் இரவு வரை அங்கேயே வைத்திருந்தார்கள். நலமாகத் திரும்பினாள். மறுநாள் அந்த உணவகத்துக்குப் போய் ஒவ்வாமை அட்டையைக் கேட்டேன். எள் என்ற கட்டத்தில், அந்த ரொட்டிக்கு நேராக, தெளிவாகக் குறியிட்டிருந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. போன முறை படித்ததே போதும் என்று நாங்கள்தான் இருந்துவிட்டோம். அதன் பிறகு, போன மாதம் சாப்பிட்ட உணவாக இருந்தாலும், மூன்று ஒவ்வாமைகளையும் முதலிலிருந்து சொல்லி, அட்டையைப் புதிதாகப் படிக்காமல் ஒரு கவளமும் வாயில் போடுவதில்லை.

ஊசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தீம் பார்க்குகளில் இதில்தான் எளிதாகத் தவறு நேர்கிறது. பேனா ஊசியை ஏறத்தாழ 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது, பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. நாங்கள் இரண்டு ஊசிகளை வெப்பம் தாக்காத உறையில் போட்டு எடுத்துப் போகிறோம். வேகமான ராட்டினங்களில் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். அப்போது எங்களில் ஒருவர் பையோடு இறங்கும் வாசலில் நிற்பார், மற்றவர் அவளோடு ஏறுவார். ஒவ்வாமைக்கான சாதாரண மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மூச்சோ தொண்டையோ பாதிக்கப்பட்டால் மாத்திரை அட்ரினலினுக்கு ஈடாகாது.

நாட்டுக்கு நாடு விதிகள் மாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், உணவகங்களும் எள் உட்பட 14 பொருள்களைப் பற்றிய தகவலைத் தந்தாக வேண்டும். அமெரிக்காவின் சட்டம் பொட்டல உணவுக்கானது. உணவகத்தில் அப்போதே சமைத்துத் தரும் உணவை அது கட்டுப்படுத்தாது. அங்கே பெரிய பூங்காக்கள் தரும் அட்டைகள் பெரும்பாலும் அவர்களாக விரும்பிச் செய்வதே. ஜப்பானிலும் கட்டாயப் பெயரிடல் பொட்டல உணவுக்கு மட்டுமே. அங்குள்ள கட்டாயப் பட்டியலில் பாலும் வேர்க்கடலையும் உண்டு, எள் பரிந்துரைப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே 'ஒவ்வாமைப் பொருள்கள் இல்லாதது' என்று எழுதியிருந்தால், எந்தப் பொருள்கள் என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. மொழி தெரியாத ஊரில், மூன்று ஒவ்வாமைகளையும் அந்த நாட்டு மொழியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையைச் சமையலறைக்குள்ளேயே கொடுத்தனுப்புவோம். சுவையைத் தியாகம் செய்யத் தயார் என்றால், முத்திரையிட்ட தட்டில் வெளியே தயாரித்து வந்து, நம் கண்முன் உறை பிரிக்கும் உணவை ஐரோப்பாவில் ஒரு பூங்காவில் தந்தார்கள். மகளுக்குச் சுவை பிடிக்கவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியுணவுக்குத் தடை உள்ள பூங்காக்களும் மருத்துவக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் அனுமதிக்கின்றன. முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதி, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மதுவையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் தவிர்த்து, சொந்த உணவை எல்லோரும் எடுத்துப் போகலாம். உதிரிப் பனிக்கட்டிக்கு மட்டும் அனுமதியில்லை. ஒரு வேளைக்குப் போதுமான உணவு எங்கள் பையில் எப்போதும் இருக்கும். எதுவும் சரியாகத் தோன்றாவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்ற உரிமையை அது தருகிறது. பசித்த குழந்தையோடு நிற்பவரால் "இங்கே வேண்டாம்" என்று சொல்ல முடிவதில்லை. சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு, இல்லையென்றால் ஈரத்துடைப்பான் கொண்டு கைகளைச் சுத்தம் செய்கிறோம். ஆல்கஹால் ஜெல் கிருமிகளைக் கொல்லுமே தவிர, ராட்டினக் கம்பியிலிருந்து கையில் ஒட்டிய வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது.

பூங்கா நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வாமை அட்டை கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதை அட்டையிலேயே அச்சிடுங்கள். சேர்பொருள் மாறிய உணவுக்குப் பக்கத்தில் 'மாற்றப்பட்டது' என்று ஒரு சொல் போடுங்கள். 2023இல் எங்கள் கண்ணில் அந்த ஒரு சொல் பட்டிருந்தால் போதும். நாங்கள் பார்த்தவற்றில் இரண்டு உணவகங்களில் மட்டுமே தேதி இருக்கிறது. கடைசிப் பயணத்தில் போன உணவகத்தில் அது இல்லை. அட்டையை வாங்கியதும் என் மகள் பின்புறம் திருப்பித் தேடிவிட்டு, பரிமாற வந்தவரிடம், "இது எப்போது மாற்றியது என்று உள்ளே கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றாள். அவர் உள்ளே போய், பத்து நிமிடம் கழித்து, அந்த வாரம் வந்த ரொட்டியின் உறையோடு திரும்பி வந்தார்.