சக்செட்டனா, கிரிம்செலா? இன்டர்லாக்கனில் கேன்யனிங் போகிறவர்களுக்கு

லண்டனிலிருந்து மச்சான் குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்தபோது, ஒருநாள் கேன்யனிங் போவதென்று வீட்டில் முடிவானது. மலையாற்றின் இடுக்குக்குள் வழிகாட்டியோடு கயிற்றில் இறங்கி, பாறையில் சறுக்கி, குளங்களில் குதித்துக் கீழே வருகிற விளையாட்டு அது. சுவிஸில் பேர்ண் பக்கம் இருக்கிற எங்களுக்கு இன்டர்லாக்கன்தான் கிட்ட. அங்கே விசாரித்தால் சக்செட்டன், கிரிம்செல் என்ற இரண்டு பெயர்கள்தான் அதிகம் காதில் விழும். ஒப்வால்டன் மாநிலத்தில் அல்ப்னாக்கிற்கு மேலே இருக்கிற கிளைன ஷ்லீரன் மூன்றாவது. போய் வந்தவர்கள் அதைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் நான் அதில் இறங்கியதில்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்தது கிரிம்செல்.

தூரமும் செலவும் சக்செட்டனுக்குச் சாதகம். அது வில்டர்ஸ்விலுக்கு மேலே இருக்கிறது, இன்டர்லாக்கனிலிருந்து வான் வண்டியில் கால் மணித்தியாலம் போதும், அரை நாளில் முடிந்துவிடும். கிரிம்செலுக்கு மைரிங்கன் தாண்டி, குட்டானன் பக்கம் ஏற வேண்டும். கட்டணமும் கொஞ்சம் கூட. வெட்சூட் (குளிர் தாங்குகிற நீருடை), ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் இரண்டிலும் கூட்டிப்போகிற நிறுவனமே தரும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று: மேலே மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

சக்செட்டன் ஆற்றுக்கு மேலே அணை எதுவும் இல்லை. மேல் பள்ளத்தாக்கில் விழுகிற மழை முழுவதும் அந்த ஒடுங்கிய இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். 1999 ஜூலை 27 பின்னேரம் நடந்தது அதுதான். மேலே இடியோடு மழை கொட்டியது, கீழே இடுக்குக்குள் ஆட்கள் இருந்தார்கள். வெள்ளம் 21 பேரைக் கொண்டுபோனது, அவர்களில் மூன்று பேர் வழிகாட்டிகள். இறந்தவர்களில் 14 பேர் ஆஸ்திரேலியர்கள். அந்த நாட்டின் ஆளுநர் நாயகம் வில்லியம் டீன் அஞ்சலிக்கு வந்து, ஆளுக்கொன்றாக, அந்த நாட்டின் தேசிய மலரான வாட்டிலின் 14 பூங்கொத்துகளை அந்த ஆற்றில் விட்டார். 2001 டிசம்பரில் இன்டர்லாக்கன் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களைக் கூட்டிப்போன நிறுவனத்தை நடத்தியவர்களும் அதில் அடக்கம். அனுபவம் குறைந்த இரண்டு வழிகாட்டிகள் விடுதலையானார்கள். போகலாமா வேண்டாமா என்ற முடிவு கயிறு பிடிக்கிற வழிகாட்டிகளின் கையில் மட்டும் இல்லை என்பதை நான் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்காகச் சக்செட்டனை ஆபத்தான இடம் என்று ஒதுக்கவில்லை. 2014இலிருந்து சுவிஸில் கேன்யனிங் நடத்த மாநில அனுமதி கட்டாயம். இன்றைக்கும் கோடையில் அங்கே ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிரிம்செலில் கதை வேறு. அந்த இடுக்குக்கு மேலே ஆரே ஆற்றை அணைகள் மறித்து நிற்கின்றன. ரேட்டரிக்ஸ்போடன் அணை 1950இல் முடிந்தது, அதற்கும் மேலே கிரிம்செல் ஏரி. தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கக் குழாய் வழியாக மின்நிலையங்களுக்குப் போய்விடும், இடுக்குக்குள் வருவது மிச்சம்தான். மேலே மழை பெய்தால் முதலில் ஏரிதான் வாங்கிக்கொள்ளும். எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அணையை முழுக்க நம்பிவிடவும் கூடாது. அணைக்குக் கீழே சேருகிற சிற்றோடைகளை யாரும் மறிக்கவில்லை. அப்புறம், மின் நிறுவனம் தண்ணீர் திறந்தால் அதுவும் இந்த வழியாகத்தான் வரும். அதனால் முன்பதிவு செய்யும்போதே, "அன்றைக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று மின் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது, எப்படிக் கேட்கிறோம் என்று விளக்கமாகச் சொல்லும்.

கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: வானிலை மாறினால் யார், எத்தனை மணிக்குள் நிறுத்துவார்கள்? நிறுத்தினால் காசைத் திருப்பித் தருவார்களா, வேறு திகதி மட்டும்தானா? ஒரு இடத்தில் "மழை என்றாலும் போவோம், எப்படியும் நனையத்தானே போகிறீர்கள்" என்று சிரித்தார்கள். தூறலுக்கு அது சரி. இடிக்கு அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, வேறு இடம் பார்த்தேன். அல்ப்ஸில் ஜூலை, ஓகஸ்ட் மாத இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். ஆகவே எந்த ஆறு என்றாலும் காலை நேரத்தையே எடுங்கள். விடிய எழும்ப வேண்டுமென்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கிரிம்செலின் குறையையும் சொல்ல வேண்டும். தொடக்கமே ஏறக்குறைய 50 மீட்டர் கயிற்று இறக்கம், பழகிப் பார்க்க அவகாசம் கிடையாது. உள்ளே போய்விட்டால் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், பாதியில் ஏறி வருவது லேசில்லை. பனியாற்றிலிருந்து வருகிற தண்ணீர், தடித்த வெட்சூட்டுக்குள்ளும் விரல் விறைத்தது. உயரத்துக்குப் பயப்படுகிறவரோ, முதல்முறை வருகிற சின்னப் பிள்ளையோ கூட இருந்தால் நானே சக்செட்டனைத்தான் சொல்வேன், வானம் தெளிவான ஒரு காலையில். நீந்தத் தெரியாதவர்களை இரண்டிலுமே சேர்க்காத நிறுவனங்கள் உண்டு. அதை மறைத்துப் பதிவு செய்யாதீர்கள்.

இங்கே வேலை செய்கிறவர்களுக்கு, ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை என்றால், விபத்துக் காப்புறுதி வேலைக்கு வெளியேயும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர்களுக்கு அது இல்லை. அவர்களுடைய பயணக் காப்புறுதியில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள் புறப்படும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். மோதிரம், காப்பு, தாலிக்கொடி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். உடை மாற்றுகிற இடத்தில் கழற்றச் சொல்வார்கள், பிறகு அத்தனை பவுனையும் எங்கே வைப்பது என்று மாமி தவித்துப்போவார்.