ஃபேன் நிற்காத இரவு: சி, மைக்ரோபைத்தான், ரஸ்ட்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் ஃபேனை நேரம் பார்த்து ஓட்டி நிறுத்தும் பெட்டி நான் செய்தது. உள்ளே அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை, 2 கேபி ராம் (நினைவகம்), சி மொழியில் நிரல். பல சீசன் ஒழுங்காக ஓடியது. சும்மா இருக்க முடியாமல் அதை ராஸ்ப்பெரி பை பிக்கோ என்ற இன்னொரு பலகைக்கு மாற்றினேன். அதில் ராம் 264 கேபி, சின்னப் பலகைகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானுக்குத் தாராளம்.

சி நிரலை வரிக்கு வரி மைக்ரோபைத்தானுக்கு மாற்றி ஒரே மத்தியானத்தில் முடித்தேன். 13ஆம் நாள் காலை எலக்ட்ரீஷியன் தம்பியிடமிருந்து போன்: “அண்ணா, நாலாம் தொட்டி ஃபேன் ராத்திரி பூரா நிக்கவே இல்ல.” வாட வேண்டிய கொழுந்து சருகாகியிருந்தது.

கோளாறு ஒரே ஒரு கழித்தலில்: இப்போதைய நேரத்திலிருந்து ஃபேன் தொடங்கிய நேரத்தைக் கழித்து, விடை 2 மணி நேரத்தைத் தாண்டினால் ஃபேனை நிறுத்த வேண்டும். ஊனோவில் மில்லிவிநாடி எண்ணி 32 பிட், 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். மைனஸே இல்லாத (குறியில்லா) எண் என்பதால் கழித்தலும் அதேபோல் சுற்றி, அப்போதும் விடை சரியாகவே வரும். பிக்கோவின் மைக்ரோபைத்தானில் அது 12.4 நாளிலேயே சுற்றிவிடும். பைத்தான் எண்ணுக்கோ எல்லையே இல்லை, கழித்தால் மைனஸ். மைனஸ் எப்போது 2 மணி நேரத்தைத் தாண்டுவது? நிரல் உறைந்தால் பலகையை மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக்கும் குரைக்கவில்லை, லூப்தான் ஜோராக ஓடிக்கொண்டிருந்ததே! இப்படிச் சுற்றும் நேரத்தைச் சரியாகக் கழிக்கவென்றே மைக்ரோபைத்தானில் ‘டிக்ஸ் டிஃப்’ என்ற கட்டளை இருக்கிறது. ஆவணத்தைப் படிக்காதது என் தப்பு.

அதே கழித்தலை ரஸ்ட் என்ற மொழியில் 32 பிட் குறியில்லா எண்ணில் எழுதிப் பார்த்தேன். டீபக் பில்ட் (சோதனைக்கான வடிவம்) அந்த இடத்தில் பேனிக் ஆகி, அதாவது பிழை சொல்லி, நின்றது. ரிலீஸ் பில்ட் (வெளியீட்டுக்கான வடிவம்) சத்தமில்லாமல் சுற்றிக் கடந்தது. ‘ராப்பிங் சப்’ (சுற்றிக் கழி) என்று எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் நடக்கும். சி தற்செயலாகக் காப்பாற்றியதை இங்கே நாமே வாய்திறந்து சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நான் கோயம்புத்தூர் இறங்கிவிட்டால் மலையில் அதைத் தொட ஆளில்லை.

வேகமா? மைக்ரோபைத்தான் நினைவகக் குப்பையை அள்ள நடுவே சில மில்லிவிநாடி நின்றால் ஃபேனைப் போட்டு நிறுத்தும் ரிலேக்குத் தெரியவா போகிறது?

கடைசியில் மைக்ரோபைத்தானையே திருத்தி வைத்தேன். மூடுபனி நாளில் கொழுந்து நனைந்து வரும். ஃபேன் நேரத்தைக் கூட்ட வேண்டும். தம்பி லேப்டாப்பைச் செருகி நிரலில் 2 மணியை 3 ஆக்கிவிடுகிறான். பழைய ஊனோ பெட்டியை மட்டும் கழற்றவில்லை. நாலு ஒயரை மாற்றினால் ஓடும்படி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.